மருதி சொல்லாமல் விட்ட சொல்

ஒரு காட்டில், மலைச்சரிவில், மருதி என்ற பெண் மான் தன் கன்றோடு வாழ்ந்துவந்தது. யாரிடமும் எதையும் கறாராகப் பேச அதற்கு வராது.

எங்கிருந்தோ வந்த ஒரு முட்கொடி அந்தச் சரிவு முழுவதும் படர்ந்தது. கொடியின் அடியில் வெயில் படாமல் புல் செத்தது. மேய்ச்சல் இல்லாததால் மருதிக்குப் பால் வற்றியது. கன்றின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன.

துடியன் என்ற முயல் ஒரு யோசனை சொன்னது. "அக்கா, அடிவாரத்தில் வெள்ளாடுகள் இருக்கின்றன. முள்ளென்றால் அவற்றுக்கு உயிர். கூப்பிடுங்கள். மண்ணுக்குள் நம் புல்லின் விதை இன்னும் கிடக்கிறது. வெயில் பட்டால் முளைத்துவிடும். ஆனால் புல் தலைகாட்டியதும் ஆடுகள் போய்விட வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்."

மருதி அடிவாரத்துக்குப் போனது.

"அண்ணா, எங்கள் சரிவில் முட்கொடி மண்டிவிட்டது. வந்து மேய்கிறீர்களா?"

"இதற்கா இவ்வளவு தயக்கம்? நாளைக்கே வருகிறோம், தங்கச்சி!" என்றது ஆடுகளின் தலைவன் கொம்பன்.

'வருவதற்கு முன்பே போகச் சொல்வதா? தப்பாக நினைத்துக்கொண்டால்?' மருதி மிச்சத்தைச் சொல்லாமலே திரும்பியது.

ஆடுகள் வந்தன. ஒரே மாதத்தில் கொடி தரையோடு தரையானது. மழை பெய்தது. சரிவெங்கும் பச்சைப் புல் ஊசி ஊசியாய் எட்டிப் பார்த்தது. ஆடுகள் அதையும் கடிக்கத் தொடங்கின.

துடியன் ஓடிவந்தது. "அக்கா, இன்றைக்கே சொல்லுங்கள்!"

"உதவிக்கு வந்தவர்களை எந்த வாயால் போகச் சொல்வது? நாளைக்குப் பார்க்கலாம்."

நாளை என்பது பத்து நாளானது. புல் வேரோடு போயிற்று. வெறும் மண்ணில் முட்கொடி மறுபடி துளிர்விட்டது.

அந்தச் சின்னத் துளிர் வயிற்றுக்குப் போதாமல் ஆடுகள் புறப்பட்டன. மருதிக்கு அழுகை முட்டியது.

"அண்ணா, அந்தப் புல்லையாவது விட்டுவைத்திருக்கலாமே! என் கன்று அதை நம்பித்தானே இருந்தது!"

கொம்பன் திகைத்து நின்றது.

"அடடா, புல் வேண்டுமென்று நீ சொல்லவே இல்லையே, தங்கச்சி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே போயிருப்போமே!"

மருதி கன்றைக் கூட்டிக்கொண்டு, புல் தேடி அடுத்த மலைக்கு நடந்தது.

நீதி: உதவி கேட்கும்போதே அதன் எல்லையையும் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.