சுவரைக் கொடுத்து வாங்கிய ஃபிரிட்ஜ்

உளுந்தங்கொல்லை என்றொரு ஊர். அங்கே பூவராகன், கலியமூர்த்தி, குஞ்சிதபாதம் என்று மூன்று அண்ணன் தம்பிகள். எந்த விஷயமானாலும் மூத்தவன் பூவராகன் யோசிப்பான். நடுவன் கலியமூர்த்தி சந்தேகப்படுவான். கடைக்குட்டி குஞ்சிதபாதம் இருவருக்கும் தலையாட்டுவான். நாட்டில் பல பெரிய சபைகள் இந்த முறையில்தான் நடக்கின்றன. பலனும் ஏறக்குறைய அதேதான்.

மூவரில் பூவராகனுக்கு மட்டும் கல்யாணமாகியிருந்தது. அவன் மனைவி அஞ்சலாட்சி, நெய்வேலியில் தன் அக்கா கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு வந்தவள், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா வூட்டு சமையக்கட்டுல ஃபிரிட்ஜு, மிக்ஸி, அடுப்பு எல்லாம் ஒரே ஃபினிஷ்ல இருக்குதுங்க. அதைப் பாத்த கண்ணால நம்ம அடுப்பங்கரையை இனிமே பாக்க முடியாது. நமக்கும் அப்படி வாங்கி வையுங்க. வச்சதும் சொல்லியனுப்புங்க, வர்றேன்."

சொன்னவள் அதே செருப்போடு திரும்பி, அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

"ஃபினிஷ்னா என்னாண்ணே?" என்றான் கலியமூர்த்தி.

பூவராகன் யோசித்தான். "மேல தெரியுறது."

"உள்ள இருக்கறது?"

"அதைப் பத்தி உங்க அண்ணி ஒண்ணும் சொல்லல."

அன்றிலிருந்து கலியமூர்த்தி சமைத்தான். குழம்பில் உப்புப் போட்டோமா என்று அவனுக்கு அடிக்கடி சந்தேகம் வரும். சந்தேகம் வரும்போதெல்லாம் போட்டான். பூவராகனுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு உப்பு மட்டும் காரணமில்லை. தட்டில் கை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருப்பான். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பான். பக்கத்து வீட்டுக்காரர் போவார். மறுபடி உட்காருவான்.

மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் நிலக்கடலை அறுவடை முடிந்து மூட்டைகளை விற்ற கையோடு மூவரும் விருத்தாசலத்தில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனார்கள். டை கட்டிய விற்பனையாளன் ஒருவன் எதிர்கொண்டான். பெயர் தீபன். காலையில் மாட்டிய புன்னகையை இன்னும் கழற்றவில்லை.

"எந்த ஃபினிஷ்ல பாக்கறீங்க சார்?"

"ஒரே ஃபினிஷ்ல," என்றான் பூவராகன்.

தீபன் முதலில் ஸ்டீல் ஃபிரிட்ஜைக் காட்டினான். "இது எந்தக் காலத்துக்கும் நிக்கும் சார். என்ன, தொட்டா கைரேகை மட்டும் பதியும்."

மூவரும் ஒரே நேரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"அண்ணே, அப்பா கைநாட்டு வச்சுத்தான் ஏரிக்கரை நிலம் போச்சு," என்றான் கலியமூர்த்தி தாழ்ந்த குரலில். "இதுல பால் எடுக்க ஒரு கைநாட்டு, தயிர் வைக்க ஒரு கைநாட்டு. கடைசியில யாருக்கு என்னா எழுதிக் கொடுத்தோம்னே தெரியாது."

"நமக்குப் படிக்கத் தெரியும்டா. கையெழுத்துப் போடலாமே?" என்றான் பூவராகன்.

"ஒவ்வொரு தடவையும் பேனா தேடணும்ணே," என்றான் குஞ்சிதபாதம். ஸ்டீல் தள்ளுபடியானது.

அடுத்தது பளபளவென்று கறுப்புக் கண்ணாடி போட்ட ஃபிரிட்ஜ். "முகமே பாத்துக்கலாம் சார்."

"யார் முகம்?" என்றான் பூவராகன்.

"வீட்டுல மேடம் முகத்தையே பாத்துக்கலாம் சார்."

பூவராகன் அதன் முன்னால் போய் நின்றான். வெகுநேரம் நின்றான். சாய்ந்து பார்த்தான், குனிந்து பார்த்தான், கதவைத் திறந்து உள்ளேயும் பார்த்தான். அஞ்சலாட்சி வரவில்லை. ஒரு மீசைக்காரன்தான் கலங்கிய கண்ணோடு திரும்பத் திரும்ப வந்தான்.

"இதுல வேற ஆள் வருது," என்று நகர்ந்துவிட்டான்.

தீபன் மேட் ஃபினிஷுக்கு வந்தான். "இதுதான் சார் இப்ப டிரெண்டு. கைரேகை விழாது, முகம் தெரியாது. அழுக்குப் படிஞ்சாகூடத் தெரியாது."

"அழுக்குத் தெரியலைன்னா அண்ணி எதைப் பாத்துத் துடைப்பாங்க?" என்றான் கலியமூர்த்தி. "பாவம், தேடிக்கிட்டே இருப்பாங்க."

தீபனின் புன்னகை ஓரத்தில் உரியத் தொடங்கியது. "சார், ஒரு ஐடியா சொல்றேன். கிச்சன் சுவருக்கு மேட்சா எடுத்துடுங்க. யாரும் குறை சொல்ல முடியாது. சுவர்ல ஒரு சாம்பிள் இருந்தா கொண்டு வாங்க, வச்சுப் பாத்துடலாம்."

இவர்களை அனுப்பிவிட வேறு வழி தெரியாமல் அவன் சொன்னது. அவனுக்கு உளுந்தங்கொல்லையைத் தெரியாது.

வீடு திரும்பிய மூவரும் அடுப்பங்கரைச் சுவரின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அடுப்புக்கு மேலே சுவர் கரியாக இருந்தது. ஜன்னலோரம் சுண்ணாம்பு வெள்ளை. அடியில் ஓதம் ஏறிப் பச்சை. தாளிக்கும் இடத்தில் மஞ்சள்.

"எந்த இடத்துல சாம்பிள் எடுக்கறது?" என்றான் கலியமூர்த்தி. "கரியை மட்டும் எடுத்துட்டுப் போனா, வெள்ளைக்குப் பொருந்தாம போயிடும். வெள்ளையை எடுத்தா பச்சை சும்மா இருக்குமா?"

பூவராகன் யோசித்தான். அவன் யோசிக்கும்போது வீட்டில் உள்ள பொருட்களுக்கு ஆபத்து. "தரையிலேருந்து கூரை வரைக்கும் ஒரு பத்தை எடுத்துட்டா எல்லாம் வந்துடும்."

பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரை எடுத்தால் சண்டை வரும் என்பதால், நியாயஸ்தர்களான அவர்கள் தெருவைப் பார்த்த சுவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கடப்பாரையால் பக்கவாட்டில் நெம்பி, பலகை கொடுத்து, கயிறு போட்டு இறுக்கி, ஒரு கதவு அகலத்துக்குச் சுவரை அப்படியே கழற்றிக் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். கட்டிய கொத்தனார் அங்கே இருந்திருந்தால் தன் வேலையின் உறுதியை நினைத்துப் பெருமைப்பட்டிருப்பார்.

ஷோரூமில் சுவரை இறக்கி ஃபிரிட்ஜ் வரிசையில் நிறுத்தியபோது தீபன் மேனேஜரைத் தேடி ஓடினான். அவன் வருவதற்குள் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் சுவரின் முன் நின்றுவிட்டாள்.

"ஐயோ, எவ்வளவு இயற்கையா இருக்கு! இது என்ன ஃபினிஷ்?"

"நாலஞ்சு ஃபினிஷ் சேந்துதும்மா," என்றான் குஞ்சிதபாதம் அடக்கமாக. "மேல கரி, கீழ ஓதம்."

"கையால பண்ணினதா?"

"எங்கம்மா சமைச்சே பண்ணினது."

அம்மாள் கணவரைக் கைதட்டிக் கூப்பிட்டாள். கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓதத்தை முகர்ந்து பார்த்தார். வெளிநாட்டில் இதையேதான் செய்கிறார்கள் என்றார். இன்னும் ஒரு குடும்பம் சேர்ந்தது. யாரோ செல்ஃபி எடுத்தார்கள். ஓட்டமாக வந்த மேனேஜர் கூட்டத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இருபது வருஷம் வியாபாரத்தில் ஊறிய மனிதர் அவர்.

"இதை எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கறோம் சார்," என்றார் பூவராகனிடம், அவன் தோளில் கை போட்டு. "பழசைக் கொடுத்துப் புதுசா வாங்கிட்டுப் போங்க."

"சுவரையா?" என்றான் கலியமூர்த்தி.

"நம்ம கடையில எதையும் எடுப்போம் சார்."

சுவர் அங்கேயே தங்கிவிட்டது. அதற்கு மேட்சாக ஃபிரிட்ஜ், மிக்ஸி, கேஸ் அடுப்பு மூன்றும் புகை நிறத்தில் கொடுத்தார்கள்.

"புகைக்குமா காசு?" என்று சந்தேகப்பட்டான் கலியமூர்த்தி.

"இது நிஜப் புகை இல்ல சார்," என்றான் தீபன். "ஃபினிஷ் மட்டும்தான்."

பொருட்களை வீட்டில் இறக்க வந்த கடை ஆள், சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தான். சம்பளத்துக்கு மேல் ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்ற கொள்கை உடையவன். பாடம் மட்டும் ஒப்பித்தான்: "ஃபினிஷ் போகாம இருக்கத்தான் மேல நீல பிலிம் ஒட்டியிருக்கு. சூடு படக் கூடாது, எண்ணெய் படக் கூடாது, தண்ணி படக் கூடாது. அப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னா காலத்துக்கும் புதுசா இருக்கும்."

சகோதரர்கள் அதை மூன்று முறை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

ஃபிரிட்ஜை எங்கே வைப்பது என்பதில் சிக்கலே இல்லை. சுவருக்கு மேட்சாக வாங்கியது. சுவர் இருந்த இடத்தில் அப்படியே பொருந்தியது. கதவு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில்தான் விவாதம் வந்தது.

"உள்பக்கம் வச்சா எடுக்க வைக்கச் சுலபம்," என்றான் கலியமூர்த்தி.

"ஃபினிஷ்னா என்னாடா? மேல தெரியுறது. உள்பக்கம் வச்சா யாருக்குத் தெரியும்? நமக்குத்தான். நாமதான் கடையிலேயே பாத்துட்டோமே!" என்றான் பூவராகன்.

"அதுவும் சரிதாண்ணே," என்றான் குஞ்சிதபாதம்.

ஃபிரிட்ஜ் தெருவைப் பார்த்து நின்றது. பால் வேண்டுமென்றால் வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிப் போய், திறந்து எடுத்து, மறுபடி சுற்றி வர வேண்டும். மழை நாளில் குடை. தெருக்காரர்கள் மோரையும் தோசை மாவையும் கொண்டுவந்து வைத்தார்கள். யாருடையது எது என்று தெரியாமல் கைக்கு வந்ததை எடுத்துப் போனார்கள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அடுத்த வீட்டுப் புளிப்பில் தோசை வெந்தது.

புது அடுப்பில் சூடு படக் கூடாதென்பதால் அதைப் பற்றவைக்கவில்லை. மிக்ஸியில் தண்ணீர் படக் கூடாதென்பதால் அரைக்கவில்லை. கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டிக் கலியமூர்த்தி சமைத்தான். வெயிலில் அவனுக்கு உப்பைப் பற்றிய சந்தேகம் இன்னும் அதிகமாக வந்தது. பூவராகன் இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆள் அனுப்பினான்.

அஞ்சலாட்சி வந்தாள். தெருவில் நின்றபடியே ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

"ஏங்க, சுவரு எங்க?"

"எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு," என்றான் பூவராகன்.

அவள் ஃபிரிட்ஜை மேலிருந்து கீழ்வரை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "அக்கா வூட்டுல எதுவும் எக்ஸ்சேஞ்ச்ல வாங்கல," என்றாள். குரலில் பெருமை.

உள்ளே வந்தாள். ஃபிரிட்ஜின் முதுகைக்கூடத் தடவிப் பார்த்தாள். மிக்ஸி, அடுப்பு இரண்டும் பிரிக்காத நீல பிலிமில் மினுங்கின.

"மூணும் ஒரே ஃபினிஷா?"

"நீயே பாரேன். மூணும் நீலம்."

அவள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "இருங்க, எல்லாருக்கும் ஒரு வாய் டீ போடறேன்," என்று தீப்பெட்டியை எடுத்தாள்.

"அண்ணி!" என்று தம்பிகள் இருவரும் பாய்ந்தார்கள். பூவராகன் அடுப்பின் மேலேயே கவிழ்ந்து படுத்துவிட்டான். "சூடு படக் கூடாது! எண்ணெய் படக் கூடாது! தண்ணி படக் கூடாது!"

விவரம் கேட்டதும் அஞ்சலாட்சி தீப்பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நல்ல வேளை சொன்னீங்க. அக்கா வந்து பாக்கற வரைக்கும் இது இப்படியே இருக்கணுங்க."

"எப்ப வர்றாங்க?"

"கூப்பிட்டிருக்கேன். எப்பன்னு சொல்லல." பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் இங்க இருந்தா கை சும்மா இருக்காது. சமைச்சிடுவேன். சமைச்சா ஃபினிஷ் போயிடும். அக்கா வந்து பாக்கற வரைக்கும் அம்மா வூட்டுலயே இருந்துடறேன்."

பூவராகன் அடுப்பின் மேல் படுத்தபடியே யோசித்தான். வாழ்க்கையில் அவன் இவ்வளவு வேகமாக யோசித்ததில்லை. இவள் இங்கே இருந்தால் அடுப்பு போய்விடும். அடுப்பு இருந்தால் இவள் போய்விடுவாள்.

"நானும் வர்றேன்," என்றான்.

"அப்ப நாங்க?" என்றான் கலியமூர்த்தி.

"நீங்க ரெண்டு பேரும் இங்க இருந்தா மட்டும் ஃபினிஷ் என்னாவும்? கிளம்புங்கடா."

நால்வரும் கிளம்பினார்கள். பஸ்ஸில் மனைவிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது பூவராகனுக்கு. வாசலைப் பார்க்க வேண்டிய அவசியமில்லாமல் வெகுநாள் கழித்து நிம்மதியாக உட்கார்ந்தான். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியபோதுதான் கலியமூர்த்திக்குச் சந்தேகம் வந்தது.

"பூட்டினியாடா?"

"பூட்டி, இழுத்தும் பாத்தேண்ணே," என்று குஞ்சிதபாதம் மடியிலிருந்து ஒரு குட்டிச் சாவியை எடுத்துக் காட்டினான்.

"இது ஃபிரிட்ஜு சாவியாச்சே! வாசக்கதவு?"

"அது திறந்துதான் கிடக்கு. அதுல என்னாண்ணே இருக்கு? வெறும் மரம். ஒரு ஃபினிஷும் கிடையாது."

அஞ்சலாட்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, நாம யாரும் இல்லாத நேரத்துல அக்கா வந்துட்டா?"

"வரட்டுமே அண்ணி," என்றான் குஞ்சிதபாதம். "நாலு பேரும் உள்ள இருந்தா ஃபினிஷை மறைக்கும்."