விழுந்தவனுக்குக் காசு

நெல்லிக்கோட்டை அரசர் உத்தமராயருடைய மல்லர் கூடத்தில் அந்த வருஷம் மல்லர்களே இல்லை. ஒரு சமையல்காரர் இருந்தார். அவர் சமைத்ததைத் தின்று கொழுத்த இரண்டு பூனைகள் இருந்தன.

காரணம் ஊருக்கே தெரியும். பக்கத்துப் பூவரசூரில் நெய்க்கடை சங்கரலிங்கம் என்று ஒருவர். மல்யுத்தத்தில் ஜெயிக்கிற பையனைச் சந்தையில் நிறுத்தி, "இந்தப் புஜம் சங்கரலிங்கம் கடை நெய்யில் வளர்ந்தது" என்று சொல்ல வைப்பார். சொன்னவனுக்குக் கை நிறையக் காசு. சுற்றுவட்டாரத்தில் தொடை தட்டத் தெரிந்த பையன்கள் எல்லோரும் பூவரசூர்க் கூடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நெல்லிக்கோட்டையிலோ பழைய கட்டுப்பாடு. கூடத்துப் பிள்ளைக்கு அரண்மனை சோறு போடலாம், கோவணம் கொடுக்கலாம். அரண்மனைக் காசு மட்டும் கூடாது.

"தைப்பூசத்துக்குப் போட்டி. யாரை இறக்குவது?" என்றார் அரசர்.

"பூனைகளை இறக்கலாம்" என்றார் தளவாய் ரங்கப்பர்.

அரசரின் ஆலோசகர் மாசிலாமணி சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. தளவாய் மெல்லத் திரும்பினார்.

"ஆள் பிடிக்கிற வேலையை இவருக்கே கொடுங்கள், மகாராஜா. நாம் தோற்றால் கடைசியில் இவரே இரணியப்பனோடு இறங்கட்டும்."

இரணியப்பன் பூவரசூரின் முதல் மல்லன். காளையைக் கொம்பைப் பிடித்து உட்கார வைப்பவன். மாசிலாமணியின் விலா எலும்புகளைத் தெருமுனையிலிருந்தே எண்ணலாம்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

மாசிலாமணி நேரே தைலக்கார வேலாத்தாள் வீட்டுக்குப் போனார். சுளுக்கு, வீக்கம், முதுகுப் பிடிப்பு எல்லாவற்றுக்கும் அவள் காய்ச்சும் பச்சைத் தைலம்தான்.

"நீங்களும் மல்லர்களுக்குக் காசு கொடுத்துப் பேச வைக்கலாமே, அம்மா."

"ஜெயித்தவனுக்கு ஏதய்யா வலி? அவன் சொன்னால் யார் நம்புவார்கள்?"

"ஜெயித்தவனை யார் கேட்டது? விழுகிறவனைப் பிடியுங்கள். விழுவான், பூசுவான், எழுந்து நடப்பான். பார்க்கிறவன் வாங்குவான்."

வேலாத்தாள் தைலம் கிண்டிக்கொண்டிருந்த துடுப்பைக் கீழே வைத்தாள்.

மறுநாள் தமுக்கு அடித்தார்கள். நெல்லிக்கோட்டைக் கூடத்தில் சேருங்கள், விழுந்தால் வேலாத்தாள் காசு தருவாள். அவ்வளவுதான். வாசலில் கூட்டம் தாங்கவில்லை. தையல்காரர் மகன் தவசி வந்தான். ஓடத் தெரியாதவன் வந்தான், ஓடிக் களைத்தவன் வந்தான். சமையல்காரர் அரிசி போதாது என்று அழுதார்.

அரசர் மகிழ்ச்சியோடு பயிற்சி பார்க்கப் போனார். எல்லோரும் விழுந்து பழகிக்கொண்டிருந்தார்கள். குப்புற ஒருவன், மல்லாக்க ஒருவன். தவசி காற்றில் ஒரு சுற்று சுற்றி விழுந்து, இரண்டு முறை முனகினான்.

"மாசிலாமணி, இதென்ன?"

"ஆள் கேட்டீர்கள், மகாராஜா. ஆள் வந்துவிட்டது."

"இரணியப்பன் உன்னை எந்தப் பக்கமாக மடிப்பான் என்று தளவாய் பந்தயம் கட்டுகிறார்" என்று சொல்லிவிட்டு அரசர் போய்விட்டார்.

மாசிலாமணி திரும்பவும் வேலாத்தாளிடம் ஓடினார்.

"அம்மா, தவசி விழுந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அவன் தினமும் படியில் விழுகிறவன்."

"நானும் அதைத்தான் யோசிக்கிறேன்."

"இரணியப்பன் விழுந்தால்?"

வேலாத்தாள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "வண்டியைப் பூட்டச் சொல்லுங்கள். நெய்க்காரர் கொடுப்பதைப் போல இரண்டு பங்கு தருகிறேன் என்று பூவரசூர்ப் பையன்களிடம் நானே போய்ச் சொல்கிறேன்" என்றாள்.

போட்டியன்று காலை மாசிலாமணி போட்டியில் இறங்கும் தம் ஐந்து பையன்களையும் கூப்பிட்டார். "வேலாத்தாள் காசு இன்றைக்குப் பூவரசூர்க்காரர்களுக்கு. உங்களுக்கு நெய்க்கடைக்காரர் காசு. அவர் எந்த ஊர்க்காரன் ஜெயித்தாலும் கொடுப்பார். அதனால் யாரும் விழ வேண்டாம். சும்மா நில்லுங்கள்."

"நிற்கப் பழகவில்லையே, ஐயா" என்றான் தவசி.

முதலில் தவசியும் இரணியப்பனும். தவசி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இரணியப்பன் கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தான். எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பனைமரம் போலச் சாய்ந்தான். புழுதி அடங்குவதற்குள் தைலத்தைப் பூசிக்கொண்டு எழுந்து, "வேலாத்தாள் தைலம் இல்லையென்றால் நான் இல்லை" என்றான். தவசி கண்ணைத் திறந்து, "முடிந்துவிட்டதா?" என்று கேட்டான்.

பூவரசூரின் இரண்டாமவன் கைபடாமலே விழுந்தான். மூன்றாமவன் மேளம் அடிப்பதற்கு முன்பே விழுந்துவிட்டான். திரும்ப எழுப்பி நிறுத்தி விழ வைத்தார்கள். நான்காமவனும் ஐந்தாமவனும் யார் முதலில் என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு ஒன்றாக விழுந்தார்கள். நெய்க்கடை சங்கரலிங்கம் நெய்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு நெல்லிக்கோட்டைப் பக்கம் ஓடிவந்து, "தவசித் தம்பி, ஒரு வாய் சாப்பிடுப்பா" என்று கெஞ்சினார். தளவாய் ரங்கப்பர் எழுந்து வீட்டுக்குப் போனார்.

மேடையில் மாசிலாமணி நடந்ததை எல்லாம் அரசரின் காதில் சொன்னார். அரசர் சிரித்தார். சிரித்துச் சிரித்து விலாவைப் பிடித்துக்கொண்டார். வேலாத்தாள் மேடையேறி, விரலால் கொஞ்சம் தைலம் எடுத்து அவர் கையில் வைத்தாள். அரசர் பூசிக்கொண்டார்.

"அட, உடனே கேட்கிறதே" என்று உரக்கச் சொன்னார்.

கூட்டம் முழுவதும் வேலாத்தாளின் வண்டியை நோக்கி ஓடியது.

அரசர் அதைப் பார்த்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். போட்ட சாக்கில் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "இப்போது நான் சொன்னதற்கு அந்த அம்மாள் எவ்வளவு கொடுப்பாள்?" என்று கேட்டார்.

"விழுந்தால்தான் காசு, மகாராஜா."

அரசர் மேடையின் விளிம்பை எட்டிப் பார்த்தார். அப்படியொன்றும் உயரமில்லை.