சாமரத்துக்குத் தைத்த உறை

முன்னொரு காலம். எந்த நாடு என்று கேட்காதீர்கள். வெயில் நன்றாகக் காய்கிற நாடு, அவ்வளவுதான் தெரியும். அங்கே மகுடவர்மன் என்று ஒரு ராஜா. அவருக்குச் சங்கு என்று ஒரு வெள்ளைப் பெண்குதிரை. ராணி மேல்கூட அவருக்குக் கோபம் வரும். சங்குவின் மேல் வந்ததே இல்லை.

அந்தக் கோடையில் சங்கு அவரைக் கீழே தள்ளிவிட்டது.

காரணம் ஈ. ஏரி வற்றியதும் கடி ஈக்கள் லாயத்துக்குக் குடிவந்துவிட்டன. வயிற்றில், தொடையில், கண் ஓரத்தில் உட்கார்ந்து ரத்தம் குடித்தன. சங்கு நாள் முழுக்கத் தரையை உதைத்துக்கொண்டு நின்றது. கொள்ளுத் தீனியைத் தொடவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ராஜா ஏறிய அன்று ஓர் ஈ கடித்தது, சங்கு துள்ளியது, ராஜா வைக்கோல் போரில் போய் விழுந்தார்.

தலையில் வைக்கோலோடு சபைக்கு வந்தார்.

"லாயத்து அதிகாரி எங்கே?"

அகோரமூர்த்தி முன்னால் வந்தார். அந்த வருஷம்தான் பதவிக்கு வந்தவர். விகடகவி வெள்ளியம்பலத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. தான் மணிக்கணக்கில் பேசினாலும் தலையை மட்டும் அசைக்கிற ராஜா, வெள்ளியம்பலம் தும்மினாலே சிரிக்கிறார் என்ற வயிற்றெரிச்சல்.

"வேப்பிலைப் புகை போட்டோம், பிரபு. குதிரைக்கு இருமல் வந்தது. வேப்பெண்ணெய் தடவினோம். ஊர்ப் புழுதியெல்லாம் அதன் மேல் ஒட்டியது. எங்கள் அறிவுக்கு எட்டியது அவ்வளவுதான். அறிவுக்கென்றே தாங்கள் ஒருவருக்கு ஆசனம் போட்டிருக்கிறீர்களே!"

சபை முழுவதும் திரும்பியது. வெள்ளியம்பலம் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார்.

"ஆமாம்!" என்றார் ராஜா. "வெள்ளியம்பலம், இனி சங்கு உமது பொறுப்பு. என் மேல் ஓர் ஈ உட்கார முடிகிறதா? இரண்டு பக்கமும் சாமரம் வீசுகிறார்கள். ஈ விஷயத்தில் எனக்கும் சங்குவுக்கும் எள்ளளவும் வித்தியாசம் இருக்கக் கூடாது. எட்டு நாள் தருகிறேன்."

"வித்தியாசம் இருந்தால், பிரபு?" என்று அகோரமூர்த்தி மெதுவாகக் கேட்டார்.

"இருந்தால் அவர் வேறு நாடு பார்த்துக்கொள்ளட்டும்."

அன்று ராத்திரி வெள்ளியம்பலத்தின் மனைவி செங்கமலம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நாடு கடத்தறதுன்னா எந்தப் பக்கமா கடத்துவாங்க? வடக்கேன்னா நான் வரலை. அங்க தண்ணி உப்பு."

"இன்னும் எட்டு நாள் இருக்குடி."

"எட்டு நாள்ல ஈக்கெல்லாம் பாடம் நடத்தப்போறீங்களாக்கும்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு."

"எனக்கும்தான்" என்றார் வெள்ளியம்பலம்.

மறுநாள் காலை, வால் முடியால் கட்டிய அரண்மனைச் சாமரம் ஒன்றை வாங்கிக்கொண்டு லாயத்துக்குப் போனார். இரண்டு முறை வீசினார். சங்கு மிரண்டு உதைத்ததில் தண்ணீர் வாளி கூரை வரை போய் வந்தது.

"வீசாதீங்க சாமி!" என்று குதிரைக்காரன் மாசாணம் ஓடிவந்தான். "அதுக்கு அந்த வேலையை யாரும் செஞ்சு விட வேண்டாம். அங்க பாருங்க."

லாயத்துக்கு எதிரே துணி வெளுக்கும் துறையில் நான்கு கழுதைகள் இரண்டிரண்டாக நின்றன. ஒன்றின் முகம் இருக்கும் பக்கம் மற்றதன் வால். இதன் வால் அதன் முகத்து ஈயை ஓட்டியது, அதன் வால் இதன் முகத்து ஈயை ஓட்டியது. நான்குக்கும் கண் பாதி மூடியிருந்தது. அன்று ராஜ்யத்தில் அவற்றைப் போல நிம்மதியாக யாருமே இல்லை.

வெள்ளியம்பலம் சங்குவின் பின்பக்கம் போனார். வாலின் அடியிலிருந்து நுனிவரை சிவப்புப் பட்டு உறை. சரிகை வேலை. இறுக்கித் தைத்திருந்தது.

"இது என்ன கூத்து?"

"ராஜா ஏறும்போது மட்டும் உறை போடறதுதான் வழக்கம். இறங்கினதும் கழட்டிடுவோம். புது ஐயா வந்தாரு. மரியாதைன்னா முழு நேரமும் இருக்கணும்னு பங்குனியில மேளம் வச்சுத் தச்சுட்டாரு."

"நீ சொல்லலையா?"

"சொன்னேன். ராஜ மரியாதையைக் குறை சொல்றியான்னாரு. மூணு நாள் லாயத்து லத்தி மொத்தமும் நான் ஒருத்தனே அள்ளினேன்."

"ராஜா பார்க்கலையா?"

"அவர் வந்தா குதிரை அவர் முகத்தைப் பார்த்துதான் நிக்கணும், சாமி. முறை அப்படி. இந்த ஊர்க் குதிரை எதோட பின்பக்கத்தையும் அவர் பார்த்ததே கிடையாது."

கத்தரிக்கோல் எடுத்தால் ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் ராஜ மரியாதையை வெட்டிய குற்றம் வந்து சேரும். அகோரமூர்த்தி மேல் புகார் சொன்னால், முடியாதவன் பழி சொல்கிறான் என்பார்கள். ராஜாவே தன் வாயால் வெட்டச் சொல்ல வேண்டும். வெள்ளியம்பலம் கொஞ்ச நேரம் கழுதைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதைத் தைத்த தையல்காரர் வீடு எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

எட்டாம் நாள். கோடையில் ராஜா மதியம் சபையிலேயே பலாச்சுளை சாப்பிடுவார். தட்டு வந்தது. தட்டின் பின்னாலேயே ஈக்கள் வந்தன. இரண்டு பக்கமும் பெண்கள் சாமரம் வீசினார்கள். காற்றே வரவில்லை. ராஜா திரும்பிப் பார்த்தார். இரண்டு சாமரமும் சிவப்புப் பட்டு உறைக்குள் இருந்தன. சரிகை வேலை. இறுக்கித் தைத்திருந்தது.

ஓர் ஈ ராஜாவின் மூக்கில் உட்கார்ந்தது. ராஜா கையைத் தூக்கினார்.

"பிரபு, கை கூடாது" என்றார் வெள்ளியம்பலம். "சங்குவுக்குக் கை இல்லை. எள்ளளவும் வித்தியாசம் கூடாது என்பது தங்கள் கட்டளை."

சபை நடுவே கொடுத்த வார்த்தை. ராஜா கையை இறக்கினார். கன்னத்தைச் சுளித்தார். காதில் ஒன்று உட்கார்ந்தது. தலையை உதறினார், கிரீடம் சரிந்தது. கணுக்காலில் ஒன்று, தரையை உதைத்தார். மறுபடி உதைத்துவிட்டு மூக்கால் சீறினார். ஒருவருக்கும் சிரிக்கத் துணிவில்லை. ஆனால் எல்லோருக்கும் லாயம் ஞாபகம் வந்தது.

இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று அகோரமூர்த்தி குதித்து எழுந்தார்.

"மடத்தனம், பிரபு! ஈயை ஓட்டுவதே அந்த முடிதான். அதை மூட்டை கட்டி வைத்தால் ஈ எப்படிப் போகும்? எந்த அறிவுகெட்டவன் இப்படி ஒரு உறை தைக்கச் சொன்னான்?"

வெள்ளியம்பலம் கைகூப்பினார்.

"பங்குனியில் தாங்கள் தைக்கச் சொன்னீர்களே, ஐயா. அதே தையல்காரர், அதே பட்டு. மரியாதையான பொருளை முழு நேரமும் மூடி வைக்க வேண்டும் என்பது தாங்கள் வகுத்த முறை. சங்குவுக்குத் தாங்கள் செய்ததைப் பிரபுவுக்கு நான் செய்தேன். வித்தியாசம் கூடாதல்லவா?"

அகோரமூர்த்திக்குத் திறந்த வாய் மூடவில்லை. ஓர் ஈ உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

"சங்குவுக்கு என்ன உறை?" என்றார் ராஜா.

"வந்து பார்க்க வேண்டும், பிரபு. பின்பக்கமாக."

ராஜா போனார். சபையும் பின்னாலேயே போனது. ராஜா முதல் தடவையாக ஒரு குதிரையின் பின்னால் நின்றார். உறையைப் பார்த்தார். வயிற்றில் காய்ந்திருந்த ரத்தப் புள்ளிகளைப் பார்த்தார். பிறகு இடுப்புக் கத்தியை உருவி, தையலைத் தன் கையாலேயே அறுத்தார்.

பட்டு நழுவி விழுந்தது. சங்கு ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்றது. அப்புறம் இத்தனை மாதத்து ஆத்திரத்தையும் சேர்த்து வாலை ஒரு வீசு வீசியது. அடி ராஜாவின் முகத்தில் விழுந்தது. கிரீடம் லத்தியில் உருண்டது. மாசாணம் கண்ணை மூடிக்கொண்டான்.

ராஜா சிரித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அகோரமூர்த்தி! நாளை முதல் தினமும் எல்லாக் குதிரைகளையும் பின்பக்கமிருந்து பார்த்துவிட்டு வாரும். மாசாணம் நிற்கச் சொல்கிற இடத்தில் நில்லும்."

தன் கையிலிருந்த தங்கக் கங்கணத்தைக் கழற்றி வெள்ளியம்பலத்துக்குப் போட்டார். "வேறென்ன வேண்டும், கேளும்!"

"இந்த ஊரிலேயே இருந்துகொள்கிறேன், பிரபு. அது போதும்."

"இரும், இரும்! நீர் போய்விட்டால் என் தலையில் கிரீடம் ஒழுங்காக நின்றுவிடுமே!" என்று ராஜா மறுபடி சிரித்தார்.

மாசாணம் பக்கத்துக் கொட்டடியிலிருந்து ஒரு கிழட்டுக் குதிரையைக் கொண்டுவந்து, தலைக்கு வாலாகச் சங்குவின் பக்கத்தில் நிறுத்தினான். சங்கு யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கொள்ளுத் தொட்டிக்குள் முகத்தை விட்டு நிதானமாக மெல்ல ஆரம்பித்தது.