ராஜாவுக்கு வந்த கொட்டாவி

முன்னொரு காலத்தில் வல்லிக்குறிச்சிச் சீமையைக் கொற்றவேல் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம் போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவருடைய தம்பி அபின் தின்று தின்றே உருக்குலைந்து செத்துப்போனான். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் ராஜா ஊரெல்லாம் முரசறையச் சொன்னார். இனி எவனிடம் அபின் இருந்தாலும் வலது கை போகும்.

தளவாய் வீரபாகுவுக்கு அது போதவில்லை. அமைச்சர் அம்பலவாணர்மேல் ராஜா வைத்திருந்த நம்பிக்கை அவர் கண்ணை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. "அரண்மனை முதல் குடிசை வரை யாருக்கும் விலக்கில்லை என்று சேருங்கள், மகாராஜா. இல்லாவிட்டால் அமைச்சரைப் போன்ற இளகிய மனசுக்காரர்கள் சட்டத்தில் ஓட்டை போட்டுவிடுவார்கள்" என்றார். ராஜாவும் அப்படியே சேர்த்து முத்திரை வைத்தார்.

முதலில் அகப்பட்டவன் கல்தச்சன் மொக்கையன். கோட்டை மதில் கட்டும்போது இடுப்பில் கல் விழுந்து நொறுங்கியவன். தினமும் கடுகளவு அபினை நாக்கில் வைத்துக்கொண்டுதான் உளியைத் தொடுவான். நாலாம் நாள் கையை வெட்டுவதென்று தீர்ப்பாயிற்று. கல்தச்சனுக்குக் கை போனால் அப்புறம் என்ன மிச்சம்? அம்பலவாணர் எவ்வளவோ மன்றாடினார். இன்னொரு வார்த்தை பேசினால் உம்முடைய தலையும் தங்காது என்று ராஜா வாயை அடைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் அமைச்சர் இலைமுன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்போது ராஜவைத்தியர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். ராஜா குதிரையிலிருந்து விழுந்த நாள் முதலாக, முதுகுவலிக்குத் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு உருண்டை லேகியம் தின்கிறவர். அதில் என்னென்ன சேர்கிறது என்று ராஜாவுக்குக்கூடச் சொல்லக்கூடாது என்பது வைத்தியர் வீட்டு வழக்கம்.

"அதில் அபின் இருக்கிறது, ஐயா. கொடுத்தால் கை போகும், கொடுக்காவிட்டால் தலை போகும். நான் என்ன செய்ய?"

அம்பலவாணருக்கும் பயம்தான். ஆனாலும் மொக்கையனைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. அபினை விட்டுவிட்டு மற்றதைப் போட்டுக் கிண்டச் சொன்னார். யாராவது கேட்டால் தன் பெயரைச் சொல்லிவிடும்படியும் சொன்னார்.

முதல் நாள் ராஜா எரிந்து விழுந்தார். இரண்டாம் நாள் மூக்கு ஒழுகியது, உடம்பெல்லாம் வியர்த்தது. மூன்றாம் நாள் வயிறு புரட்டி, கெண்டைக்கால் இழுத்து, மனிதர் படுக்கையில் சுருண்டுவிட்டார். தளவாய் வைத்தியரைப் பிடித்து உலுக்கியதில் அமைச்சர் பெயர் வெளியே வந்தது. நாலாம் நாள் காலை சபை கூடியபோது அம்பலவாணரின் கழுத்துக்குப் பக்கத்தில் தளவாயின் வாள் நின்றது.

"இவர் லேகியத்தில் விஷம் வைத்துவிட்டார், மகாராஜா."

"நான் எதையும் வைக்கவில்லை. அதிலிருந்த ஒன்றை எடுத்தேன். மொக்கையனைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அமைச்சர்.

கொண்டுவந்தார்கள். நாலு நாளாகச் சிறையில் அபின் இல்லாமல் கிடந்தவன், உடம்பு வெடவெடக்க நின்றான். பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான். ராஜாவுக்கும் கொட்டாவி வந்தது. அவன் ஒழுகிய மூக்கைத் தோளில் தேய்த்தான், ராஜா பட்டில் துடைத்தார். சபையில் ஒருவருக்கும் சிரிக்கத் துணிவில்லை.

"இவனுக்கு என்ன நோய்?" என்றார் ராஜா மெல்ல.

"உங்களுக்கு வந்திருக்கிற அதே நோய். இத்தனை வருஷமும் உங்கள் லேகியத்தில் அபின்தான் வேலை செய்தது. அரண்மனை முதல் என்று சட்டம் சொன்னதால் அங்கிருந்தே ஆரம்பித்தேன்."

தளவாயின் வாள் தானாகத் தாழ்ந்தது.

"எனக்கு அது மருந்து."

மொக்கையன் தலையைத் தூக்கினான். "எனக்கு மட்டும் என்னவாம், சாமி? ஒடம்பு என்னுது, வலியும் என்னுது. நான் யாரு குடியைக் கெடுத்தேன்?"

"என் தம்பியும் இப்படித்தானடா சொன்னான்" என்று கத்திய ராஜாவின் குரல் பாதியில் உடைந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட அம்பலவாணர் நினைத்தார். "சொன்னார், மகாராஜா. வைத்தியரிடம் போங்கள் என்று அவரிடம் நானே கெஞ்சினேன். அண்ணனுக்குத் தெரிந்தால் வெட்டிவிடுவார் என்று பயந்து, ஒளிந்து தின்றே செத்தார்."

ராஜா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெகுநேரம் கழித்து, மொக்கையனின் கட்டை அவிழ்க்கச் சொன்னார். இனி அபினுக்காக எவன் கையும் போகாது, விட நினைக்கிறவன் பயமில்லாமல் வைத்தியசாலைக்கு வரலாம், விவரம் தெரியாதவர்களுக்கு அதைப் பழக்கிவிடுகிறவனை மட்டும் பிடித்து வாருங்கள் என்றார். அமைச்சருக்குத் தம் முத்திரை மோதிரத்தையே கழற்றிப் போட்டார். அபினை விடுகிறவர்கள் வாந்தி எடுக்கும்போது சட்டி பிடிக்க ஆள் வேண்டுமே? அந்த வேலை ஒரு வருஷத்துக்குத் தளவாய்க்கு.

வைத்தியர் பழைய பக்குவத்தில் லேகியம் கொண்டு ஓடிவந்தார். ராஜா அவசரமாகக் கையை நீட்டினார். பிறகு மொக்கையனைப் பார்த்து, அந்தக் கையை மடக்கிக்கொண்டார்.

"முதல் உருண்டையை அவனுக்குக் கொடும்" என்றார்.