தலைமாட்டு நோட்டீஸ்

ஓர் ஊர். பேர் சொன்னால் பொல்லாப்பு. அந்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரி இருந்ததாம். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய, அங்கே ஒரு டயாலிசிஸ் கூடம். கூடத்துக்குப் பெரிய டாக்டர் பாக்கியவதி. அவரிடம் தொழில் படித்தவன் இளங்கீரன்.

மெஷினில் ஓடும் நீரின் சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் நோயாளியின் இதயம் நன்றாகத் தாங்குமா? இளங்கீரன் இதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தான். தனி வார்டு கிடையாது, கூடுதலாக ஓர் ஊசி கிடையாது. தினமும் நடக்கிற சிகிச்சையோடு சிகிச்சையாக ஆராய்ச்சியும் நடக்கும். எந்த ஆஸ்பத்திரியில் நீரைக் குளிர்விப்பது, எதில் வழக்கம்போல் விடுவது என்று சீட்டுக் குலுக்கியதில் இந்தக் கூடத்துக்குக் குளிர் விழுந்தது.

ஆளாளுக்குக் கையெழுத்து வாங்க வேண்டாம், நோட்டீஸ் ஒட்டினால் போதும், விருப்பமில்லாதவர் சொல்லிக்கொள்ளட்டும் என்று ஆராய்ச்சிக்கு அனுமதி தந்த குழு சொல்லிவிட்டது. நீரின் சூட்டைக் குறைத்திருக்கிறோம், குளிரலாம் என்று இளங்கீரன் நோட்டீஸ் ஒட்டினான். நல்ல தமிழில், பெரிய எழுத்தில், கட்டிலுக்கு ஒன்றாக.

அங்கே வரும் நோயாளிகளில் பாத்திரக்கடை மாசிலாமணிக்குத்தான் குளிர் தாங்காது. "என்ன சிஸ்டர், ஐஸ் பெட்டிக்கு இப்பவே ஒத்திகையா?" என்பார். கூடமே சிரிக்கும். இளங்கீரனும் சிரித்தான். இன்னொரு போர்வை கொடுக்கச் சொன்னான்.

திடீரென்று மாசிலாமணி வருவதை நிறுத்திவிட்டார். போன் போட்டால் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவர் மனைவி பவுனம்மா மட்டும் வந்தார்.

"அவரு போயிட்டாரு டாக்டரய்யா."

"ஏம்மா கூட்டிட்டு வரல?"

"கூப்பிடாம இருப்பேனா? மெஷின்ல படுத்தாலே கால் ஜில்லிட்டுப் போவுது, உசுரு இறங்க ஆரம்பிச்சிட்டு, இனி அங்க போயி என்னத்துக்குன்னுட்டாரு. மகளை வரவழைச்சுப் பேசினாரு. பேரப்பிள்ளைய மடியில வச்சிக்கிட்டாரு. பெறவு படுத்தவருதான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்யா. அது நெசமாவே சாவுக் குளிருதானா? இல்ல, வேற ஏதுமா?"



"இருங்கம்மா, வந்துடறேன்" என்று அவரை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு இளங்கீரன் உள்ளே போனான்.

மதிய நேரம். கட்டில்கள் காலியாகக் கிடந்தன. பாக்கியவதி ஒரு மெஷின் அருகே நின்றுகொண்டிருந்தார். இளங்கீரன் நடந்ததைச் சொன்னான்.

"விதிப்படிதான் எல்லாம் செஞ்சேன் மேடம். நான் எங்க தப்புப் பண்ணினேன்?"

"செருப்பைக் கழட்டு. இதுல படு."

மாசிலாமணியின் கட்டில். படுத்தான்.

"கையை நீட்டு. ஊசி குத்தியிருக்குன்னு வச்சுக்க, அசையக் கூடாது. இப்ப நோட்டீஸைப் படி."

அது தலைமாட்டுச் சுவரில் இருந்தது. கண்ணை எவ்வளவு மேலே செருகிப் பார்த்தாலும் எட்டவில்லை.

"தெரியல மேடம்."

"வேற என்ன தெரியுது?"

"ஃபேன். என் காலு. போர்வை."

"ம்."

இளங்கீரன் எழுந்து உட்கார்ந்தான்.

"எல்லா நோட்டீஸையும் இன்னைக்கே எதிர்ச் சுவத்துக்கு மாத்திடறேன் மேடம்" என்றான்.

"மாத்து. அந்தம்மா வராந்தாவுல உக்காந்திருக்காங்க. அவங்களுக்கும் ஒண்ணு ஒட்டிடுவியா?"

இளங்கீரன் செருப்பை மாட்டிக்கொண்டு வராந்தாவை நோக்கி நடந்தான்.