சனிக்கிழமைத் தங்கை

கடலைக்குளத்துக்காரர்களை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். சாத்தூர் வட்டாரத்தில் அவர்களைப் போலச் சொல்பேச்சுக் கேட்கிற ஜனங்களை நான் பார்த்ததில்லை. உட்கார் என்றால் உட்காருவார்கள். எழுந்திரு என்று சொல்ல மறந்துவிட்டால், பாவம், மறுநாள் போய்ப் பார்த்தாலும் அங்கேயேதான் இருப்பார்கள்.

அந்த ஊரில் பெத்துராஜ், வெயிலுமுத்து, குருவையா என்று மூன்று வெல்டர்கள். ஒரே பட்டறை, ஒரே டீக்கடை. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று பக்கத்து ஊரில் சொல்வார்கள். அது வெறும் பொறாமை. மூளை தனித்தனியாகத்தான் இருந்தது. யாரும் எடுத்துப் புழங்கவில்லை, அவ்வளவுதான்.

பெத்துராஜுக்கு வெயிலுமுத்துவின் தங்கை மாரிக்கனி மேல் உயிர். அவளுக்கும் அவன் மேல் பிரியம்தான். ஏன் என்று நானே ஒருமுறை கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் அப்பா சோலையப்பன் மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நியூசிலாந்துல வேலை இருக்குங்கானே, அந்த இங்கிலீஷ் பேசுற பரீட்சையில பாஸ் பண்ணிட்டு வரட்டும். தை மாசம் பொண்ணு தாரேன். இல்லையா, ராஜபாளையத்து டைல்ஸ் கடைக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு, அவருக்குக் குடுத்துருவேன்."

பெத்துராஜ் டவுனில் பெனடிக்ட் சாரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தான். துணைக்கு மற்ற இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பரீட்சையில் நொறுக்குத்தீனிப் பழக்கம் பற்றிக் கேட்பார்கள் என்று சொல்லி, சார் போர்டில் ஒரு பதில் எழுதிப்போட்டார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நான் தினமும் மாலை நான்கு மணிக்கு ஓர் ஆப்பிள் சாப்பிடுவேன். சனிக்கிழமைகளில் என் தங்கையோடு சோபாவில் உட்கார்ந்து சோளப்பொரி கொறிப்பேன். சிறு வயதில் நிறைய சாக்லேட் சாப்பிட்டேன். பல் சொத்தையானதால் விட்டுவிட்டேன்.'

"இதுதான் கரெக்டான பதில்" என்றார் சார். "ஆனா சும்மா மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா மார்க் போயிரும். சொல்றது உங்க சொந்த வாழ்க்கையா இருக்கணும். பொய் சொன்னா மூஞ்சியே காட்டிக் கொடுத்துரும்."

அன்று டீக்கடையில் மூவரும் கவலையோடு உட்கார்ந்தார்கள். பெத்துராஜின் நொறுக்குத்தீனி விவகாரம் ஊரறிந்தது. காலையிலிருந்து ராத்திரி வரை காராச்சேவுதான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பிடி கிடக்கும். டீயில் முக்கி ஒரு வாய், வெல்டிங் தீப்பொறிக்கு நடுவே ஒரு வாய்.

"அது தப்பான பதில்டா பெத்து" என்றான் குருவையா வருத்தத்தோடு. "இத்தனை வருசமாத் தப்பான பதிலைத் தின்னுருக்கே."

"இப்ப என்ன செய்ய?"

"பதிலை மாத்த முடியாது. சாரு எழுதிட்டாரு. வாழ்க்கையைத்தான் மாத்தணும்" என்றான் வெயிலுமுத்து.

அன்றே மாற்ற ஆரம்பித்தார்கள். நாலு மணி அடித்தால் பெத்துராஜ் கையில் ஆப்பிள் இருக்கும். ஒருநாள் தண்ணீர்த்தொட்டி உச்சியில் ஏறி வெல்டிங் பற்ற வைத்துக்கொண்டிருந்தபோது நாலாகிவிட்டது. கீழிருந்து குருவையா ஆப்பிளை எறிந்தான். முதல் ஆப்பிள் தொட்டிக்குள் விழுந்தது, இரண்டாவது பஞ்சாயத்துத் தலைவர் தலையில் விழுந்தது, மூன்றாவதை அவன் பிடித்துவிட்டான். ஓர் ஆப்பிள்தானே சாப்பிட வேண்டும், அது சரியாக நடந்தது.

சாக்லேட் விஷயத்தில் கொஞ்சம் சிக்கல். சிறு வயதில் பெத்துராஜ் சாக்லேட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"அறுபது வயசுலருந்து திரும்பிப் பார்த்தா இருபத்தேழு சின்ன வயசுதான?" என்று கேட்டான் குருவையா.

அதில் யாரும் குறை காண முடியவில்லை. பெத்துராஜ் ஒரு மாதம் சாக்லேட்டாகத் தின்றான். பிறகு மூவரும் பல் டாக்டரிடம் ஓடினார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பல்லெல்லாம் இரும்பு மாதிரி இருக்கு" என்றார். மூவருக்கும் துக்கம் தாங்கவில்லை. வந்ததுதான் வந்தோம் என்று குருவையா வாயைத் திறந்து காட்ட, அவனுக்கு மூன்று சொத்தை இருந்தது.

"ஒண்ணை நம்ம பெத்துவுக்குக் குடுத்துரு. சிநேகிதனுக்கு ஒரு பல்லு தர மாட்டியா?" என்றான் வெயிலுமுத்து.

"பிடுங்கணுமா?"

"பிடுங்க வேண்டாம். ஒன் வாயிலேயே இருக்கட்டும். ஆனா அது அவன் பல்லு. பத்திரமாப் பாத்துக்க."

குருவையா அன்றிலிருந்து அந்தப் பல்லால் எதையும் கடிக்கவில்லை. அடுத்தவன் பொருளாயிற்றே.

எஞ்சியது தங்கை. பெத்துராஜ் வீட்டுக்கு ஒரே பிள்ளை. குருவையாவுக்கு நாலும் தம்பிகள். மூன்று பேருக்கும் நடுவில் இருந்த ஒரே தங்கை மாரிக்கனிதான்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "நான் இவரை அண்ணேன்னு கூப்பிடணுமா? கூப்பிட்டா முறை மாறிப்போயிருமே. பெறகு யாரு கட்டிக்கிறது?"

"பாஸ் பண்ணாட்டியும் கட்ட முடியாதும்மா. டைல்ஸ் கடைக்காரர் இருக்காரு" என்றான் வெயிலுமுத்து.

அவள் பெத்துராஜைப் பார்த்தாள். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அவளுக்கு ஆத்திரம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். கடைசியில் பாவம்தான் ஜெயித்தது.

ஊரில் யார் வீட்டிலும் சோபா இல்லாததால் டவுனில் ஒரு பர்னிச்சர் கடைக்குப் போனார்கள். சனிக்கிழமைதோறும் பெத்துராஜும் மாரிக்கனியும் பிளாஸ்டிக் உறை போட்ட சோபாவில் உட்கார்ந்து சோளப்பொரி கொறிப்பார்கள். வெயிலுமுத்துவும் குருவையாவும் எதிரே நின்று மேற்பார்வை பார்ப்பார்கள்.

"வாங்குறதுக்குப் பாக்குறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்லண்ணே, கொறிக்கிறதுக்கு" என்றான் குருவையா.

மாரிக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கங்கண்ணே" என்பாள். அந்தச் சொல் வாயில் வரும்போதெல்லாம் அவளுக்கு வேப்பங்காய் தின்ற மாதிரி இருக்கும். கடைக்காரருக்கோ மனம் உருகிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஓர் அண்ணன் தங்கையா என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பரீட்சை மதுரையில், மாலை மூன்றே முக்காலுக்கு. பெனடிக்ட் சார் கடைசியாக இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். ஒன்று, பரீட்சை நடத்துகிறவரைச் சொந்தக்காரராக நினைத்துக்கொள்ள வேண்டும், பயம் போய்விடும். இரண்டு, போதும் என்று சொல்கிற வரை பேச்சை நிறுத்தக் கூடாது.

உள்ளே கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெத்துராஜ் அவரை அத்தையாக நினைத்துக்கொண்டான். "மாமாவுக்கு மூட்டுவலி தேவலையா?" என்று நல்ல இங்கிலீஷில் விசாரித்தான். அந்த அம்மாவின் கணவருக்கு மூட்டுவலி இருந்தது போலும். "பரவாயில்லை, நன்றி" என்று சொல்லிவிட்டுத்தான் திகைத்தார்.

நொறுக்குத்தீனி பற்றிக் கேட்டார். ஆப்பிள், தங்கை, சோபா, சோளப்பொரி, சாக்லேட் எல்லாம் தங்குதடையில்லாமல் வந்தன. முகம் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுக்க ஒன்றும் இல்லையே. சொத்தைப் பல் எங்கே என்று கேட்டதற்கு, அது குருவையாவின் வாயில், வெளியே மரத்தடியில் இருக்கிறது, வேண்டுமானால் கூப்பிடுகிறேன் என்றான்.

அப்போது சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி ஆனது. பெத்துராஜ் பைக்குள் கைவிட்டு ஆப்பிளை எடுத்தான். கூடவே, பையின் அடியில் என்றைக்கோ தங்கிப்போன காராச்சேவு மேசை மேல் உதிர்ந்தது.

"அது என்ன?" என்று கேட்டார் அந்த அம்மா.

பெத்துராஜுக்கு முகம் வெளிறிவிட்டது. "அது தப்பான பதில், அத்தை."

"பரவாயில்லை, அந்தத் தப்பான பதிலைப் பற்றிச் சொல்லுங்கள்."

கேட்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டான். மிளகு போட்டது எப்படி, பூண்டு போட்டது எப்படி, டீயில் எத்தனை நேரம் முக்கினால் எடுக்கலாம், எப்போது டம்ளருக்குள் விழுந்துவிடும், விழுந்ததை எந்த விரலால் எடுப்பது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே 'தேங்க் யூ' என்றார். போதும் என்று சொல்லவில்லையே, அதனால் இவன் நிறுத்தவில்லை. அவர் மேசை விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினார். பெத்துராஜ் பேசிக்கொண்டே அவர் பின்னால் வாசல் வரை போனான். கடைசியில் வாட்ச்மேன்தான், "போதும்ப்பா" என்றார். சட்டென்று நிறுத்திவிட்டான்.

முடிவு வந்தது. பாஸ். கேட்ட மார்க்குக்கு மேலேயே போட்டிருந்தார்கள். சோலையப்பன் சொன்ன சொல் மாறாமல் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமையில் முகூர்த்தம் குறித்தார். மாரிக்கனி சந்தோஷத்தில் ஓடிப்போய் பக்கத்து வீட்டுக்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் குருவையா மார்க் தாளைப் பார்த்துவிட்டு நெற்றியில் கைவைத்தான். "இது ரெண்டு வருசம் செல்லும்னு போட்டுருக்குடா."

"நல்லதுதான?" என்றான் பெத்துராஜ்.

"மார்க்கு செல்லணும்னா நீ சொன்ன பதிலும் செல்லணும்லா? ரெண்டு வருசத்துக்கு இவ ஒனக்குத் தங்கச்சி."

"ரெண்டு வருசம் கழிச்சுக் கட்டிக்கிட்டா?"

"அப்ப மார்க்கு செல்லாது. மார்க்கு இல்லாம எங்க அப்பா எப்படிப் பொண்ணு தருவாரு?" என்றான் வெயிலுமுத்து. மூவரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மாரிக்கனி இடுப்பில் கைவைத்துக்கொண்டு மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள். இவர்களோடு நியாயம் பேசிப் பிரயோசனமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் இவர்களுடைய நியாயத்தையே பேசினாள்.

"போர்டுல தினமும் தங்கச்சின்னா எழுதியிருந்துச்சு? சனிக்கிழமைன்னுதான எழுதியிருந்துச்சு? சனிக்கிழமை தங்கச்சி. மத்த நாள் பொண்டாட்டி."

அவள் படிப்பை நிறுத்தியது பெரிய தப்பு என்று வெயிலுமுத்து அன்றுதான் வாய்விட்டுச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. பர்னிச்சர் கடைக்காரர், அண்ணன் தங்கையில் தங்கைக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டு, பாதி விலைக்குக் கொடுத்த சோபாவோடு நேரில் வந்திருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் சாப்பிடாமலே போய்விட்டார்.

மறுநாள் மறுவீடு. சோலையப்பன் கிடா வெட்டி, தலைவாழை இலை போட்டுக் காத்திருந்தார். மாப்பிள்ளை வந்தபாடில்லை. எட்டிப் பார்த்தால், முன்னறையில் சோபாவில் மணமகனும் மணமகளும் ஆளுக்கொரு கிண்ணத்தில் சோளப்பொரி கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை, இலை காத்துக் கெடக்கு" என்றார்.

"இன்னைக்கு மாப்பிள்ளை கிடையாதுப்பா. நாளைக்குத்தான் வருவாரு" என்றான் வெயிலுமுத்து.

"அப்ப இங்க உக்காந்திருக்கிறது யாரு?"

"இன்னைக்குச் சனிக்கிழமைலா? இவன் மாரிக்கனிக்கு அண்ணன்."

சோலையப்பனும் கடலைக்குளத்துக்காரர்தானே. நிதானமாக யோசித்தார். "அப்ப எனக்கு மகனா?"

"ஆமாப்பா" என்றான் பெத்துராஜ் பணிவாக.

"மகனுக்கு எவன் மறுவீட்டு விருந்து வைப்பான்? கொல்லையில வெறகு கெடக்கு. போய்ப் பொளந்து போடு."

மறுபேச்சில்லாமல் பெத்துராஜ் எழுந்து போனான். கறிக்குழம்பு வாசம் கொல்லை வரை வந்தது. நாலு மணி ஆனதும் கோடரியை ஓரமாக வைத்துவிட்டு ஆப்பிள் சாப்பிட்டான்.