கரடியின் மெத்தையும் கனவுப் புட்டும்

செங்காட்டில் பூதலிங்கம் என்றொரு கரடி இருந்தது. இரண்டு விஷயங்களில் அதற்குப் பெருமை அதிகம். ஒன்று அதன் தொந்தி. இன்னொன்று அது காணும் கனவு.

மத்தியானம் ஆனதும் வாகை மரத்தடியில் மெத்தைமேல் சாயும். கண்ணை மூடியதுதான் தாமதம், கனவு வந்துவிடும். கனவில் ஒரு பெரிய பானை. பானை நிறையச் சூடான புட்டு. கருப்பட்டி வாசம் தூக்கும். கரடி ஒரு கை அள்ளும், இன்னொரு கை அள்ளும். அள்ள அள்ளப் பானை ஆழமாகிக்கொண்டே போகும். புட்டு மட்டும் குறையாது. சுற்றிலும் வெள்ளை ஆவி மிதக்கும். அந்த ஆவிக்குள் கரடியும் மெல்ல மிதக்கும். விழித்துப் பார்த்தால் வயிறுகூட நிறைந்திருக்கும்!

"கனவுன்னா இதுல்லா கனவு!" என்று ஏப்பம் விட்டுக்கொண்டே எழுந்திருக்கும்.

அந்த மெத்தையைச் செய்து கொடுத்தது கோமு என்ற அணில். இலவமரத்துப் பொந்து ஒன்றில், கண் திறக்காத மூன்று குட்டிகளோடு அது குடியிருந்தது. கொடிகளைப் பை போலப் பின்னி, உள்ளே இலவம் பஞ்சை அடைத்து, ஓரத்தை நாரால் தைத்துக் கொடுக்கும். கோமுவின் மெத்தை என்றால் காட்டில் தனி மரியாதை.

ஆனால் பூதலிங்கத்தின் மெத்தை மட்டும் பத்தே நாளில் நடுவில் தொய்ந்துபோனது. படுத்தால் இடுப்பு கீழே போகும், தலையும் காலும் மேலே நிற்கும். விழிக்கும்போது முதுகு பிடித்துக்கொள்ளும்.

கரடி இன்னொரு மெத்தை கேட்டது. கோமுவும் செய்து கொண்டுவந்தது.

"அண்ணாச்சி, பழைய மெத்தையை எடுத்துப் போட்டுட்டு இதை விரிங்க."

"ஐயையோ! பழசை எடுக்கக் கூடாது. என் கனவு அதுக்குள்ளதான் இருக்கு. எடுத்தா பறந்துபோயிரும். மேலேயே போடு!"

கனவு பஞ்சுக்குள் குடியிருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. கரடியோடு யார் வம்பு செய்வார்கள்? பழைய மெத்தைமேல் புது மெத்தை ஏறியது. அதுவும் தொய்ந்தது. மூன்றாவது மெத்தை ஏறியது. அது எட்டே நாளில் தொய்ந்தது. இப்போது கரடியால் நிமிர்ந்து நடக்கவே முடியவில்லை. மரம் ஏறித் தேன் எடுக்க முடியவில்லை. எதைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது.

அந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்ற ஒரு மரநாய் வந்தது. கோமுவின் பொந்துமேல் அதற்கு நெடுநாளாகவே ஒரு கண்.

"அண்ணாச்சி, உங்க நல்ல மனசுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். அந்த அணில் பஞ்சுல பாதி பதரைக் கலக்குது!"

"நெசமாவா?"

"பின்னே? மூணு மெத்தையும் எப்படித் தொய்யும்? யோசிச்சுப் பாருங்க!"

பூதலிங்கத்துக்கு யோசிக்கப் பிடிக்காது. கோபப்படப் பிடிக்கும். நேராகக் காட்டெருமை ஆவுடையிடம் போய் நின்றது. காட்டில் வழக்குத் தீர்ப்பது ஆவுடைதான்.

செங்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏமாற்றிப் பொருள் கொடுத்தவர்கள் குடியிருக்கும் மரத்தை விட்டு அன்றைக்கே போய்விட வேண்டும். அதே போல, குறை சொன்னவர்களும் அந்தப் பொருளை எல்லார் முன்னாலும் புழங்கிக் காட்ட வேண்டும். கூடை ஓட்டை என்றால் பழத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். மெத்தை தொய்கிறது என்றால்?

"படுத்துத் தூங்கிக் காட்டணும். நாளைக்கு மத்தியானம்!" என்றது ஆவுடை.

அன்று கோமு குட்டிகளை நக்கிக்கொண்டே அழுதது. கண் திறக்காத குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எந்த மரத்துக்குப் போவது? நேர்மையாக உழைத்த கைகளைப் பார்த்துக் 'கள்ளி' என்று சொல்லிவிட்டார்களே! அதுதான் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் மத்தியானம் வாகை மரத்தடியில் காடே கூடியது. காற்றில் இலவம் பஞ்சு மெதுவாக மிதந்து வந்தது. வெயில் இலைகளுக்குள் புகுந்து தரையில் புள்ளி புள்ளியாக ஆடியது. மூன்று மெத்தைகளின்மேல் பூதலிங்கம் ஏறிப் படுத்தது. எல்லோரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

சிறிது நேரத்தில் குறட்டை கிளம்பியது. அது சாதாரணக் குறட்டை இல்லை. தூரத்து அருவிபோல் ஒரே சீராக ஓடியது. அதைக் கேட்ட முயலுக்குக் கொட்டாவி வந்தது. முயலைப் பார்த்த மானுக்கும் வந்தது. மயில் தோகையை மடக்கித் தலையைச் சாய்த்தது. இரவெல்லாம் சுற்றும் மரநாய் சொல்லவே வேண்டாம், வேர்மேல் சுருண்டுவிட்டது. ஆவுடைகூட அசைபோட்டபடியே கண்ணை மூடியது. சாட்சி சொல்ல வந்த காடு மொத்தமும் தூங்கிவிட்டது!

கோமு மட்டும் தூங்கவில்லை. வாழ்வா சாவா என்று இருப்பவர்களுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? அது மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு கை... கருப்பட்டி தூக்கலா இருக்கே..." என்று தூக்கத்தில் முனகியது கரடி.

மெத்தை கொஞ்சம் கீழே இறங்கியது.

கோமு கிட்டே போய்ப் பார்த்தது. கரடியின் வலது கை மெத்தைக்கு அடியில் முழங்கை வரை போயிருந்தது. ஒரு பிறாண்டல் சத்தம். கை வெளியே வந்தது. அதில் செம்மண்ணும் கறையானும்! கை நேராக வாய்க்குப் போனது. 'சர்ர்' என்று உறிஞ்சியது வாய். பிறகு கை மறுபடியும் அடியில் நுழைந்தது.

கோமு ஆவுடையின் காதோரம் ஓடியது. "அத்தை! எழுந்திரிங்க! சத்தம் போடாம வாங்க!"

ஆவுடை எழுந்து வந்தது. கொம்பால் மெத்தையின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தது. அடியில் பெரிய குழி! கறையான் நிறைந்த மண்ணைக் கரடியின் நகங்கள் வாரி வாரி எடுத்துக்கொண்டிருந்தன. ஆவுடைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதன் செருமலில் காடே விழித்துக்கொண்டது.

பூதலிங்கமும் விழித்தது. சுற்றிலும் சிரிப்பு. தன் கையைப் பார்த்தால், அது வாய்க்குள் இருந்தது. உதட்டில் செம்மண். மீசையில் இரண்டு கறையான்கள் உயிர்தப்பி ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன இது?" என்று திகைத்தது கரடி.

"இதுதான் உங்க புட்டு, அண்ணாச்சி" என்றது கோமு. "தூக்கத்துல தரையைத் தோண்டித் தின்னிருக்கீங்க. அடியில குழி விழுந்தா மேல எத்தனை மெத்தை போட்டாலும் தொய்யத்தான் செய்யும்!"

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!" என்று கிளி ஒன்று கத்தியது. சிரிப்பு இன்னும் பலமானது.

கரடி சிரிக்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டது. "அப்போ அந்தப் பானை? அந்த ஆவி?" என்று சின்னக் குரலில் கேட்டது. பாவம், அதற்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. இத்தனை நாள் அது அதிகம் நேசித்தது அந்தக் கனவைத்தான்.

"கோமு குற்றமில்லாதவள். இலவமரம் அவளுக்கே!" என்று தீர்ப்புச் சொன்னது ஆவுடை. மரநாய் யாருக்கும் தெரியாமல் நழுவப் பார்த்தது. ஆவுடை அதன் வாலை மிதித்து, "பதரை எங்கே பார்த்தே? காட்டு!" என்றது. காட்ட என்ன இருக்கிறது? மரநாய் அன்றே காட்டைவிட்டு ஓடியது.

தீர்ப்பு முடிந்த பிறகும் பூதலிங்கம் போகவில்லை. பிடித்துக்கொண்ட முதுகோடு சிரமப்பட்டு இலவமரத்தடி வரை நடந்து வந்தது. எல்லார் முன்னாலும் கைகூப்பியது.

"கோமு, குழி தோண்டினது என் கை. பழியை உன் தலையில போட்டேன். உன் குட்டிங்களைத் தெருவுல நிறுத்தப் பாத்தேன். என்னை மன்னிச்சிரு தாயி!"

கோமுவுக்குக் கோபம் இருந்தது. இருக்காதா? கரடியின் வளைந்த முதுகைப் பார்த்ததும் அந்தக் கோபம் மெல்ல இறங்கிவிட்டது.

"பஞ்சைக் குறை சொல்றதை விடுங்க அண்ணாச்சி. முதல்ல தரையைப் பாருங்க. கறையான் ஏறாத மட்டப்பாறைதான் உங்களுக்கு லாயக்கு. அதுமேல கொஞ்சமாப் பஞ்சு வெச்சுத் தைச்சுத் தாரேன். ஆனா ஒண்ணு, வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுத்தான் படுக்கணும்!"

மூன்று மெத்தைகளையும் கரடி தானே தூக்கி அப்புறப்படுத்தியது. குழியைத் தானே மண் போட்டு மூடியது. கோமு தைத்துக் கொடுத்த மெல்லிய மெத்தையில், பாறைமேல், கைகளைத் தலையணையாக வைத்துப் படுத்தது. முதல் நாள் கனவு வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் விழித்தபோது முதுகு நிமிர்ந்திருந்தது. கரடி நேராக நடந்து போய்த் தேனடை ஒன்றை எடுத்து, ஒரு சொட்டுகூட நக்காமல், இலவமரத்தடியில் வைத்துவிட்டு வந்தது.

தன் கை தோண்டிய குழியைப் பாராமல் பிறர்மேல் பழி போடுகிறவனுக்கு, எத்தனை மெத்தை மாற்றினாலும் நிம்மதியான தூக்கம் கிடைக்காது.